மீனின் எலும்புக்கூடும் பங்காளி மரபணுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடிக் கெண்டையைப் பார்த்தவர்களுக்கு, அதன் உடலெங்கும் செதில் இல்லாமல் முதுகோரத்திலும் பக்கவாட்டிலும் மட்டும் சில பெரிய செதில்கள் பளபளப்பது நினைவிருக்கும். அந்த மீனுக்குச் செதில் ஏன் போயிற்று என்பது ஒரு கேள்வி. அதற்குக் காரணமான மரபணு பழுதான பின்னும் அது எப்படி உயிர் வாழ்கிறது என்பது அதைவிடச் சுவையான கேள்வி. இரண்டுக்கும் விடை, பல கோடி ஆண்டுகளுக்கு முன் மீன்களின் மூதாதையிடம் நடந்த ஒரு நிகழ்வில் இருக்கிறது: மரபணுக்கள் இரட்டித்தன. அதைப் பற்றி மாணவர்களும் மீன்மேல் ஆர்வம் கொண்டவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்படுகிறது.

மரபணு இரட்டிப்பு என்றால் என்ன?

டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போதோ செல் பிரியும்போதோ நேரும் பிழையால், ஒரு மரபணு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அமைந்துவிடுவதையே மரபணு இரட்டிப்பு என்கிறோம். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக எல்லோருக்கும் வரும் இரண்டு பிரதிகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே பேசப்படுவது, அந்த இணைக்கு மேலாக இன்னோர் இணையே கூடுதலாகச் சேர்ந்துவிடுவது.

இது இரண்டு வகையாக நடக்கும். ஒரு மரபணு மட்டும் நகலாகித் தன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்காருவது ஒரு வகை. எல்லாக் குரோமோசோம்களும் ஒரே தலைமுறையில் இரட்டித்து, மரபணுத்தொகுதி முழுவதுமே இருமடங்காவது மற்றொரு வகை. இப்படிப் பிறந்த உடன்பிறப்பு மரபணுக்களை அறிவியலில் பாராலாக் என்பார்கள். மூதாதையின் சொத்தைப் பங்கிட்டுக்கொள்பவர்களைப் பங்காளி என்று நம் மொழி ஏற்கெனவே அழைப்பதாலும், இந்த மரபணுக்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதுவே என்பதாலும், இங்கே அவற்றைப் பங்காளி மரபணுக்கள் என்றே குறிப்பிடுகிறோம்.

மீன்களின் வரலாற்றில் இது எத்தனை முறை நடந்தது?

முதுகெலும்பிகளின் தொடக்கக் காலத்தில், ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன், மரபணுத்தொகுதி முழுவதும் இரண்டு முறை இரட்டித்ததாகக் கருதப்படுகிறது. அந்த இரட்டிப்புகளின் விளைவை மனிதர்களாகிய நாமும் சுமக்கிறோம். அதற்கு வெகு காலத்துக்குப் பின், 32 முதல் 35 கோடி ஆண்டுகளுக்கு முன், டீலியோஸ்ட் என்னும் மீன் குழுவின் பொது மூதாதையிடம் மூன்றாவது இரட்டிப்பு நடந்தது. நாம் சந்தையில் வாங்கும் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, விரால், கட்லா அனைத்தும் டீலியோஸ்ட் மீன்களே. சுறாவும் திருக்கையும் அந்தக் குழுவில் சேராதவை.

சில கிளைகள் அதோடும் நிற்கவில்லை. சால்மன் குடும்பத்தில் 8 முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நான்காவது இரட்டிப்பு நடந்தது. கண்ணாடிக் கெண்டையையும் தன் வகைகளில் ஒன்றாகக் கொண்ட சாதாக்கெண்டையின் மூதாதையிடம், இரண்டு வெவ்வேறு இனங்கள் கலந்து, இருவரின் குரோமோசோம்களும் முழுமையாகத் தங்கிவிட்டதால், இன்னொரு இரட்டிப்பு மிக அண்மைக் காலத்தில் ஏற்பட்டது. கெண்டையின் செதிலைப் பற்றிப் பேசும்போது இந்தச் செய்தி தேவைப்படும்.

இவ்வளவு பழைய நிகழ்வை எப்படி உறுதிசெய்கிறார்கள்?

ஹாக்ஸ் மரபணுக்கள் முதல் தெளிவான சான்றைத் தந்தன. உடலின் எந்த மட்டத்தில் எந்த உறுப்பு அமைய வேண்டும் என்பதை வகுக்கும் இவை குரோமோசோமில் கொத்துக் கொத்தாக வரிசையில் நிற்கும். சுண்டெலிக்கும் மனிதனுக்கும் இத்தகைய கொத்துகள் 4. ஆய்வகங்களில் பெரிதும் வளர்க்கப்படும் சிறு மீனான வரிக்குதிரை மீனில் 7 கொத்துகள் இருப்பதை அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் போஸ்ட்லத்வெயிட் குழுவினர் 1998-இல் வெளியிட்டனர். நான்கு இரட்டித்தால் எட்டு ஆக வேண்டும். எட்டாவது கொத்தின் புரத மரபணுக்கள் காலப்போக்கில் அழிந்துபோயின. 2004-இல் வெளியான டெட்ராடான் என்னும் பேத்தை மீனின் மரபணுத்தொகுதி, இந்த இரட்டிப்பு குரோமோசோம் அளவில் நடந்தது என்பதை உறுதிசெய்தது.

ஒப்பிட்டுப் பார்க்க இரட்டிக்காத உறவினர் ஒருவரும் வேண்டும் அல்லவா? வட அமெரிக்க ஆறுகளில் வாழும் புள்ளிக் கார் மீன் அந்த உறவினர். டீலியோஸ்டுகளின் கிளை மூன்றாவது இரட்டிப்பைச் சந்திப்பதற்கு முன்பே அதன் கிளை பிரிந்துவிட்டது. 2016-இல் அதன் மரபணுத்தொகுதி வெளியானபோது, மனிதனுக்கும் வரிக்குதிரை மீனுக்கும் இடையே நேராக ஒப்பிட முடியாத பல மரபணுப் பகுதிகளைக் கார் மீன் வழியாக இணைத்துப் பார்க்க முடிந்தது.

இரட்டித்த மரபணுக்கள் எல்லாம் இன்றும் இருக்கின்றனவா?

இல்லை. பெரும்பாலானவற்றில் இரண்டில் ஒன்று சிதைந்து மறைந்துவிட்டது. டீலியோஸ்ட் மீன்களில் தோராயமாக ஐந்தில் ஒரு பங்குதான் இணையாக நிலைத்திருக்கிறது. 2013-இல் முழுமையாக வெளியான வரிக்குதிரை மீனின் மரபணுத்தொகுதியில் புரதங்களுக்கான மரபணுக்கள் 26,000-க்குச் சற்று மேல். மனிதனுக்கு ஏறத்தாழ 20,000. மனிதனைவிட ஒருமுறை கூடுதலாக முழுவதும் இரட்டித்த உயிரிக்கு இந்த வேறுபாடு சிறியதே.

ஆகவே உண்மையில் விளக்கப்பட வேண்டியது, சில இணைகள் ஏன் அழியாமல் தப்பின என்பதே. ஜப்பானிய வம்சாவளி அறிவியலாளர் சுசுமு ஓனோ 1970-இல் முன்வைத்த விளக்கம் புகழ்பெற்றது: ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொள்வதால், மற்றது கட்டுப்பாடின்றி மாறிப் புதிய வேலையைக் கற்றுக்கொள்ள முடியும். அழகான கருத்துதான், ஆனால் பயனுள்ள புதிய வேலை கிடைப்பதற்கு முன்பே பெரும்பாலான பிரதிகள் பழுதாகிவிடும் என்பதால், தப்பிய இணைகளின் எண்ணிக்கையை அதனால் மட்டும் விளக்க முடியவில்லை.

1999-இல் ஒரிகன் குழுவினர் வேறொரு வழியைக் காட்டினர். ஒரு மரபணுவுக்கு ஒரே புரதம்தான் என்றாலும், அது உடலின் எந்தெந்த இடங்களில் எப்போதெல்லாம் இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஒழுங்குப் பகுதிகள் பல. ஒரு விளக்குக்குப் பல அறைகளில் விசை வைத்ததுபோல் இதை எண்ணிக்கொள்ளலாம். இரட்டித்த பின் ஒரு பிரதியில் தாடைக்கான விசை பழுதாகிறது. மற்றதில் துடுப்புக்கான விசை பழுதாகிறது. இப்போது தாடைக்கு ஒருவர், துடுப்புக்கு மற்றவர் என்று இருவரும் தேவைப்படுவதால் இருவரையும் இழக்க முடியாது. எந்த நன்மையும் புதிதாகச் சேராமல், சிதைவினாலேயே ஏற்படும் பாகப்பிரிவினை இது. உயிரியலில் நான் படித்த விளக்கங்களில், இவ்வளவு எளிய பொருள்களைக் கொண்டு இவ்வளவு தூரம் செல்லும் விளக்கங்கள் மிகச் சில.

இதை ஆராய எலும்புக்கூட்டை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கண்ணால் பார்த்து எண்ண முடியும் என்பது முதற்காரணம். ஆல்சியன் நீலம் குருத்தெலும்பை நீலமாகவும், அலிசரின் சிவப்பு சுண்ணாம்பேறிய எலும்பைச் சிவப்பாகவும் காட்டும். வரிக்குதிரை மீனின் குஞ்சு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. முட்டை கருவுற்ற மூன்றாம் நாளிலேயே அதன் தலைக் குருத்தெலும்புகள் தெளிவாகிவிடும், செவுள் மூடியின் எலும்பும் உருவாகத் தொடங்கிவிடும். இன்னொரு காரணமும் உண்டு: எலும்பு புதைபடிவமாக நிலைக்கிறது. மூளையோ குடலோ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று அரிது; தாடைக்கும் துடுப்புக்கும் ஏராளமான சான்றுகள் பாறைகளில் கிடக்கின்றன.

பாகப்பிரிவினைக்கு எலும்பிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

சாக்ஸ்9 மரபணுவைச் சொல்லலாம். குருத்தெலும்புச் செல் உருவாவதற்குத் தேவையான முதன்மை ஆணையை இடுவது அதுவே. மனிதனுக்கு இந்த மரபணு ஒன்றுதான். தாய் தந்தை வழியாக வந்த இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே கேம்போமெலிக் டிஸ்பிளேசியா என்னும் கடுமையான நிலை ஏற்பட்டு, கை கால் எலும்புகள் வளைந்து, பெரும்பாலான குழந்தைகள் பிறந்த சிறிது காலத்திலேயே மூச்சுத் திணறலால் இறந்துவிடுகின்றன.

வரிக்குதிரை மீனில் இதற்குச் சாக்ஸ்9ஏ, சாக்ஸ்9பி என்று இரண்டு பங்காளிகள். முதலாவதை இழந்த மீனுக்கு ஆய்வகங்களில் ஜெல்லிமீன் என்று பெயர். அதன் தலையில், குருத்தெலும்பாக வேண்டிய செல்கள் உரிய இடத்தில் வந்து கூடுகின்றன. ஆனால் அடுக்காக அமைந்து குருத்தெலும்பாக மாறும் படியைத் தாண்டுவதில்லை. இரண்டாவதை மட்டும் இழந்தால், தாடையை உருவாக்கப் போகும் நரம்பு முகட்டுச் செல்களின் வளர்ச்சி பாதிக்கப்பட்டாலும் குருத்தெலும்பு ஓரளவு உருவாகிவிடுகிறது. இரண்டையும் இழந்த மீனில் பாதிப்பு இவ்விரண்டின் கூட்டலைவிடக் கடுமையாக இருக்கிறது. ஆக, பங்கீடு முழுமையாக முடியவில்லை. சில அறைகள் தனித்தனி, சில அறைகள் இன்னும் பொது.

இந்த இணையில் நான் மிகவும் மதிக்கும் செய்தி வேறொன்று. ஸ்டிக்கில்பேக் என்னும் சிறு மீனிலும் இதே இரண்டு பங்காளிகள் உள்ளன. வரிக்குதிரை மீனோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, சில பங்கீடுகள் இரண்டு மீன்களிலும் ஒரே மாதிரியாகவும், சில வேறு வேறாகவும் இருந்தன. அதாவது, இவ்விரு மீன்களின் கிளைகள் பிரிவதற்கு முன் ஒரு பகுதி பங்கிடப்பட்டது. மீதியை ஒவ்வொரு கிளையும் தனித்தனியாகப் பங்கிட்டுக்கொண்டது. ஒரே மூதாதையின் ஒரே சொத்து, வழித்தோன்றல்களிடம் வெவ்வேறு விதமாகப் பிரிந்திருக்கிறது என்பதால், மீன்களில் எலும்பு வடிவங்கள் இவ்வளவு பெருகியதற்கு ஒரு மூலப்பொருள் இங்கே கிடைத்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது.

கண்ணாடிக் கெண்டைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

செதிலும் எலும்புக்கூட்டின் ஒரு பகுதிதான். தோலிலேயே நேரடியாக உருவாகும் இந்தத் தோல் எலும்புக்கூட்டில் செதில்கள், துடுப்புக்கதிர்கள், மண்டையோட்டின் சில தட்டையான எலும்புகள் அடங்கும். இவை வளர்வதற்கான சமிக்ஞைகளைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிப் புரதங்களில் ஒன்று எஃப்ஜிஎஃப்ஆர்1. சுண்டெலியில் அந்த மரபணு முற்றிலும் இல்லாமற்போனால், உடலின் அடிப்படை அடுக்குகள் உருவாகும் கட்டத்திலேயே கரு இறந்துவிடுகிறது. அவ்வளவு இன்றியமையாத ஒரு மரபணுவில் நிகழும் பெரிய மாற்றம், தோலுக்கோ செதிலுக்கோ என்ன செய்யும் என்பதைப் பார்க்கும் வாய்ப்பே சுண்டெலியில் கிடைப்பதில்லை.

வரிக்குதிரை மீனில் இந்த மரபணு எஃப்ஜிஎஃப்ஆர்1ஏ, எஃப்ஜிஎஃப்ஆர்1பி என இரட்டித்திருக்கிறது. ஜெர்மனியின் டூபிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தில், செதில்கள் பெரும்பாலும் மறைந்து, எஞ்சியவை பெரிதாக வளர்ந்த ஒரு வரிக்குதிரை மீன் வகையில் 1ஏ பழுதாகியிருப்பதைக் கண்டறிந்தனர். கருப்பருவத்தில் 1பி அந்த வேலையைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் முதிர்ந்த மீனின் செதில் வளர்ச்சியில் 1ஏ-க்கு மாற்று இல்லை. ஆகவே மீன் பிழைக்கிறது, செதில் மட்டும் போகிறது. 2009-இல் வெளியான அதே ஆய்வில், கண்ணாடிக் கெண்டையிலும் இதே மரபணுவின் பிரதி ஒன்றில் பழுது இருப்பது தெரியவந்தது. கெண்டைக்குத் தன் சொந்த இரட்டிப்பால் 1ஏ-யிலும் இரண்டு பிரதிகள் உண்டு. பழுதானது அவற்றில் ஒன்று.

ஐரோப்பாவின் வளர்ப்புக் குளங்களில், சுத்தம் செய்ய எளிது என்பதால் செதில் குறைந்த கெண்டைகளை மக்கள் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கினர். அவர்கள் அறியாமலே, பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இரட்டிப்பு அளித்த பாதுகாப்பின்மேல் நின்றுதான் அந்தத் தேர்வைச் செய்தனர். ஜெர்மானிய வகை எனப்படும் அந்தக் கண்ணாடிக் கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு ஊட்டி ஏரியில் விடப்பட்டது. நம் மலைப்பகுதி நீர்நிலைகளுக்கு அது வந்த வழி அதுவே.

இங்கே இன்னொரு கெண்டையையும் சொல்ல வேண்டும். தோல் கெண்டை என்னும், செதில் ஏறக்குறைய அறவே இல்லாத வகை, கண்ணாடிக் கெண்டைக்குரிய பழுதோடு வேறோர் இடத்திலும் மாறுபாடு கொண்டது. அந்த இரண்டாவது மாறுபாட்டைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற கெண்டைகள் உயிர் பிழைப்பதில்லை என்பது கெண்டை வளர்ப்பாளர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். செதிலை மட்டும் எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவைக்கும் மாற்றம் எவ்வளவு அரியது என்பதை இந்த ஒப்பீடு உணர்த்துகிறது.

துடுப்பு கையாக மாறிய கதையில் இரட்டித்த மரபணுக்களுக்கு இடம் உண்டா?

உண்டு, ஆனால் ஆய்வாளர்களுக்குத் தடையாகவே அவை முதலில் எதிர்ப்பட்டன. சுண்டெலியில் ஹாக்ஸ்ஏ13, ஹாக்ஸ்டி13 ஆகிய இரண்டையும் நீக்கினால் விரல்கள் உருவாவதில்லை. மீனுக்கு விரலே இல்லாதபோது இந்த மரபணுக்கள் அங்கே என்ன செய்கின்றன? விடை காண, வரிக்குதிரை மீனில் ஹாக்ஸ்ஏ13ஏ, ஹாக்ஸ்ஏ13பி, ஹாக்ஸ்டி13ஏ என மூன்றையும் சேர்த்துக் கையாள வேண்டியிருந்தது. கிரிஸ்பர் என்னும் மரபணு வெட்டும் முறை வந்த பிறகே இது நடைமுறைக்கு வந்தது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் நீல் ஷூபின் குழுவினர் 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, இந்தப் பங்காளிகளைச் சேர்த்து நீக்கியபோது துடுப்புக்கதிர்கள் வெகுவாகக் குறுகின. அவற்றுக்கு அடியில், குருத்தெலும்பு வழியாக உருவாகும் சிறு எலும்புகளின் எண்ணிக்கை கூடியது. துடுப்புக்கதிர் தோலில் உருவாகும் எலும்பு, விரல் குருத்தெலும்பு வழியாக உருவாகும் எலும்பு. இரண்டும் வேறு வேறு வகை என்பதால் அவற்றுக்கிடையே உறவில்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இரண்டின் பின்னும் இதே மரபணுக்களும் இதே செல் மரபும் நிற்கின்றன என்று காட்டியதுதான் இந்த ஆய்வின் சிறப்பு.

துடுப்பு எங்கே முளைக்க வேண்டும் என்பதிலும் பங்காளிகளின் கை இருக்கிறது. ஹாக்ஸ்பிஏ, ஹாக்ஸ்பிபி என்ற இரண்டு கொத்துகளையும் முழுமையாக நீக்கிய வரிக்குதிரை மீன்களில் மார்புத் துடுப்புகளே தோன்றவில்லை என்று ஜப்பானின் சைதாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஒன்றை மட்டும் நீக்கியபோது துடுப்பு முற்றாக மறையவில்லை. ஒன்றை நீக்கிப் பார்த்துவிட்டு, துடுப்பின் இடத்துக்கும் இந்தக் கொத்துகளுக்கும் பெரிய தொடர்பில்லை என்று நிறுத்தியிருந்தால், இந்த உண்மை இன்னும் மறைந்தே இருந்திருக்கும்.

முழு இரட்டிப்பு மட்டும்தான் எலும்பைப் பாதித்ததா?

இல்லை. எலும்பு கெட்டிப்படுவதற்குக் காரணமான புரதக் குடும்பம் ஒன்று, ஒரே மரபணு தன் பக்கத்திலேயே திரும்பத் திரும்ப நகலானதால் வளர்ந்தது. ஸ்பார்க் என்னும் பழைய மரபணுவின் வழிவந்த ஸ்பார்க்எல்1-இலிருந்து, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் எஸ்சிபிபி குடும்பம் கிளைத்தது. எலும்பிலும் பற்களின் எனாமலிலும் சுண்ணாம்பு படிவதை நெறிப்படுத்தும் புரதங்கள் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பாலைத் திரிய வைக்கும்போது கட்டியாகும் கேசீனும் இதே குடும்பத்து உறுப்பினர்தான் என்பது கேட்பவர்களை எப்போதும் வியக்க வைக்கும் செய்தி.

யானைச் சுறா என்னும் குருத்தெலும்பு மீனின் மரபணுத்தொகுதியை 2014-இல் சிங்கப்பூரின் பைரப்பா வெங்கடேஷ் தலைமையிலான குழுவினர் வெளியிட்டபோது, அதில் இந்தக் குடும்பத்து மரபணுக்கள் காணப்படவில்லை. வரிக்குதிரை மீனில் அக்குடும்பத்தின் எஸ்பிபி1-ஐ முடக்கியபோது எலும்பு உருவாவது குறைந்தது. சுறாக்களின் உள் எலும்புக்கூடு ஏன் எலும்பாக மாறுவதில்லை என்பதற்கு இதை ஒரு விளக்கமாக முன்வைத்தனர். ஆனால் சுறாக்கள் பிரிவதற்கு முன்பே வாழ்ந்த கவச மீன்களுக்கு எலும்பு இருந்ததைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. ஆகவே சுறாக்கள் எலும்பைப் பெறாதவர்கள் என்பதைவிட, பெற்று இழந்தவர்கள் என்று கொள்வதே பொருத்தம். இந்த ஒரு மரபணுக் குடும்பத்தின் மேல் முழுக் காரணத்தையும் சுமத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எலும்பின் அடிப்படைப் பொருளே மாறியதுண்டா?

உண்டு. எலும்பின் நார்ப்பொருளான முதல் வகைக் கொலாஜன் மூன்று இழைகளால் முறுக்கப்பட்ட கயிறு. மனிதனில் ஆல்ஃபா1 இழை இரண்டும் ஆல்ஃபா2 இழை ஒன்றும் சேர்கின்றன. வரிக்குதிரை மீனில் ஆல்ஃபா1-இன் மரபணு இரட்டித்து, ஒரு பிரதி ஆல்ஃபா3 என்னும் தனி இழையைத் தருவதால், மூன்றும் வெவ்வேறான கயிறுகளும் அமைகின்றன.

ஒரே பழுது கொண்ட மீன்களில் சிலவற்றின் எலும்பு மட்டும் கோணலாவது ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் நிக்கல்ஸ் குழுவினர் குறிப்பிடத்தக்கவர்கள். தலை எலும்புகளின் வடிவத்துக்குத் தேவையான மெஃப்2சிஏ மரபணு பழுதான மீன்களில், செவுள் மூடியின் எலும்பு சிலவற்றில் விரிந்து தாறுமாறாகிறது, சிலவற்றில் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கிறது. பாதிப்பு மிகுந்த குடும்பங்களையும் குறைந்த குடும்பங்களையும் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வளர்த்து, இரண்டு தனித்தனி மரபுகளை அவர்கள் உருவாக்கினர்.

பாதிப்பு குறைந்த மரபில், மெஃப்2 குடும்பத்தின் மற்றப் பங்காளிகள் கூடுதலாக இயங்கிக்கொண்டிருந்தன என்று 2022-இல் அவர்கள் காட்டினர். இந்தப் பங்காளிகளை இயல்பான மீனில் நீக்கினால் எலும்பில் குறை எதுவும் தெரிவதில்லை. மெஃப்2சிஏ பழுதான மீனில் அவற்றையும் நீக்கினால் கோணல் கடுமையாகிறது. தன் பழைய வேலையைப் பெரும்பாலும் இழந்து, இருப்பதே தெரியாமல் கிடக்கும் ஒரு பங்காளி, வீட்டில் இடர் வரும்போது தோள்கொடுக்கிறது. எவ்வளவு தோள்கொடுக்கும் என்பது மீனுக்கு மீன் வேறுபடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த வேறுபாடு பழுது ஏற்படுவதற்கு முன்பே மீன் கூட்டத்தில் மறைந்திருந்தது என்பதே. இயற்கைத் தேர்வுக்கு எட்டாமல் ஒளிந்திருக்கும் இத்தகைய வேறுபாடு, ஒரு பழுது நேரும்போது திடீரென்று எலும்பின் வடிவமாக வெளிப்படுகிறது.

ஒரு மரபணுவை நீக்கியும் மாற்றம் தெரியவில்லை என்றால், அது தேவையற்றதா?

அவ்வாறு முடிவுசெய்யக் கூடாது. பங்காளி ஏற்கெனவே அங்கே இயங்கிக்கொண்டிருக்கலாம். அதோடு, டிடியே ஸ்டேனியர் குழுவினர் 2015-இலும் 2019-இலும் காட்டியபடி, பழுதான மரபணுவிலிருந்து புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் நகலான செய்தி ஆர்.என்.ஏ. சிதையும்போதே, அதை ஒத்த மரபணுக்கள் தூண்டப்பட்டுக் கூடுதலாக இயங்கத் தொடங்கலாம். அதனால்தான் கவனமான ஆய்வாளர்கள் பங்காளிகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் நீக்கிப் பார்க்கிறார்கள்.

டீலியோஸ்ட் மீன்கள் இவ்வளவு பெருகியதற்கு மூன்றாவது இரட்டிப்புதான் காரணமா?

இன்று வாழும் டீலியோஸ்ட் இனங்கள் ஏறத்தாழ 30,000. முதுகெலும்பிகளில் கிட்டத்தட்ட பாதி. அவற்றின் நெருங்கிய உறவினர்களான கார் மீன்களும் பவ்ஃபின் மீன்களும் சேர்ந்து பத்து இனங்களைக்கூட எட்டவில்லை. இந்த எண்களை மட்டும் பார்த்தால், ஆம் என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் காலக் கணக்கு இடிக்கிறது. இரட்டிப்பு நடந்து மிக நீண்ட காலத்துக்குப் பிறகே பெருக்கம் வேகமெடுத்தது. தொடக்க கால டீலியோஸ்டுகளையும் கார் மீன்களின் பண்டைய உறவினர்களையும் புதைபடிவங்கள் வழியாக ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்வு, உடல் வடிவ மாற்றத்தில் டீலியோஸ்டுகள் அப்போது முந்தி நின்றதாகக் கொள்ளச் சான்று குறைவு என்று முடிவுசெய்தது. இரட்டிப்பு மீன்களுக்கு ஒரு கிடங்கைக் கொடுத்தது என்றும், அதிலிருந்து எதை எப்போது எடுத்தார்கள் என்பதைக் கடலும் உணவும் பகையும் தீர்மானித்தன என்றும் கொள்வதே இப்போதைக்கு நியாயமாகப் படுகிறது. இரட்டிப்பு நடந்தவுடன் மீன்குலம் செழித்தது என்று எழுதப்படும் வரிகளைக் காணும்போது, இந்த நீண்ட இடைவெளியைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டார்களே என்று வருத்தமாக இருக்கிறது.

மீன் எலும்பின் மாற்றங்கள் எல்லாவற்றையும் இரட்டிப்பால் விளக்கலாமா?

முடியாது. கடலிலிருந்து நன்னீர் ஏரிகளுக்குள் புகுந்த ஸ்டிக்கில்பேக் மீன்கள் பல இடங்களில் தங்கள் இடுப்பு முட்களை இழந்தன. அதற்குக் காரணம் பிட்எக்ஸ்1 என்னும் மரபணுவின் ஓர் ஒழுங்குப் பகுதி அழிந்தது. அங்கே பங்காளிக்கு வேலை இல்லை. இடுப்புக்கான விசை மட்டும் போய், தாடைக்கான விசைகள் அப்படியே இருந்ததால் மீன் பிழைத்தது. ஒரு மரபணுவின் வேலைகளைப் பிரித்து ஒன்றை மட்டும் மாற்றுவதற்கு இரட்டிப்பு ஒரு வழி. விசைகள் தனித்தனியாக இருப்பது இன்னொரு வழி.

மனித எலும்பு நோய்களை ஆராய இது பயன்படுகிறதா?

பயன்படுகிறது. மனிதனில் ஒரே மரபணு பல உறுப்புகளைத் தாங்குவதால், அது பழுதானால் எந்தக் குறை எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். மீனில் அந்த வேலைகள் பங்காளிகளிடையே பிரிந்திருப்பதால், ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க முடிகிறது. சாக்ஸ்9 அதற்கு நல்ல சான்று. மீனில் ஒன்றை நீக்கிப் பெற்ற முடிவை அப்படியே மனிதனுக்குப் பொருத்திவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் உடன் தேவை; ஏனெனில் நாம் பார்த்தது பாதிச் சொத்தை மட்டுமே.

இழந்த செதில் திரும்ப வருமா?

வந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடகாஸ்கருக்குக் கொண்டுபோகப்பட்ட கண்ணாடிக் கெண்டைகள் அங்குள்ள ஏரிகளிலும் ஆறுகளிலும் தப்பிப் பரவின. நூறு ஆண்டுகளுக்குப் பின் அவற்றைப் பிடித்துப் பார்த்தபோது, பலவற்றின் உடல் ஏறக்குறைய முழுவதும் செதிலால் மூடியிருந்தது. பழுதான மரபணு பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும், அல்லது செதிலுள்ள கெண்டைகளோடு கலப்பு நடந்திருக்கும் என்று எவரும் முதலில் எண்ணுவர். ஆனால் 2016-இல் வெளியான ஆய்வின்படி, அந்த மீன்களில் எஃப்ஜிஎஃப்ஆர்1ஏ-யின் பழுது அப்படியே இருக்கிறது. குளத்தில் மனிதன் விரும்பிய வெற்றுடல் காட்டு நீரில் உதவாமற்போனபோது, மரபணுத்தொகுதியின் வேறு இடங்களில் இருந்த சிறுசிறு வேறுபாடுகள் ஒன்றுகூடி அந்தக் குறையை ஈடுசெய்திருக்கின்றன. கெண்டை உடைந்த மரபணுவைச் சுமந்துகொண்டே மீண்டும் செதில் தரித்திருக்கிறது.